பனிக்காலையில் இயங்க மறுத்த மெசின்

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் எங்கள் பக்கத் தோட்டங்களுக்குள் நடந்து போனால் ஒரே விதமான சத்தம் கேட்கும். கயிறு இழுபடும் சத்தம். அதன் பின்னால் இறைப்பு மெசின் ஒரு தரம் இருமி அடங்கும் சத்தம். மறுபடி கயிறு, மறுபடி இருமல். கொஞ்ச நேரத்தில் யாராவது மெசினைத் திட்டுவதும் கேட்கும். மத்தியானம் ஒழுங்காக வேலை செய்யும் அதே மெசின் பனி கொட்டும் காலையில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது என்று நான் நெடுநாள் யோசித்ததில்லை. யோசித்தே ஆகவேண்டிய நிலை 2014ஆம் ஆண்டு தை மாதத்தில் எனக்கு வந்தது.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போலத் தனியாகத் தோட்டம் செய்கிற சகோதரிகளுக்கு இது ஏதாவது ஒரு விதத்தில் உதவும் என்று நம்புகிறேன்.

நாங்கள் 2010இல் முகாமிலிருந்து விசுவமடுப் பக்கத்தில் உள்ள எங்கள் காணிக்குத் திரும்பினோம். நாங்கள் என்றால் நானும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். என் கணவர் 2009 சித்திரைக்குப் பிறகு எங்களோடு இல்லை. அவர் இருக்கிறாரா, இல்லையா என்று இன்று வரை எவரும் எனக்குச் சொல்லவில்லை. கூரை இல்லாத வீடும், கல்லும் தகரமும் விழுந்து கிடந்த கிணறும்தான் எங்களுக்கு மிஞ்சியிருந்தன. கிணற்றைத் துப்புரவாக்கி, வேலி அடைத்து, முதலில் கச்சானும் பிறகு கத்தரியும் போட்டோம். 2013 மாரியில் துணிந்து அரை ஏக்கர் மிளகாய் நட்டேன். அதற்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் 25,000 ரூபா கடன் எடுத்தேன்.

எங்களிடம் இருந்தது பழைய இரண்டு அங்குல இறைப்பு மெசின். அது என் ஐயாவுடையது. ஐயா காலமான பிறகு யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டில் சும்மா கிடந்தது. அக்கா அதை 2011இல் லொறியில் ஏற்றி அனுப்பினா. அந்த மெசினுக்கு இரண்டு தாங்கி. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, சூடேறிய பிறகு திருகைத் திருப்பி மண்ணெண்ணெயில் விடவேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஐயாவும் பிறகு கணவரும் அதை இயக்கினார்கள். நான் வாய்க்காலில் நின்று தண்ணீர் மாறிவிட்டேன்.

அந்த வருடம் மாரி மழை ஏமாற்றிவிட்டது. மிளகாய் பூக்கத் தொடங்கிய நேரம். நாலு நாளைக்கு ஒரு முறையாவது இறைக்காவிட்டால் பூ கொட்டிவிடும். வெயில் ஏற முன்னரே இறைத்து முடித்தால்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, நான் கூலி வேலைக்கும் போகலாம். ஆனால் மெசின் காலையில் ஸ்ராட் எடுக்காது. இருபது முறை, முப்பது முறை கயிறு சுற்றி இழுப்பேன். உள்ளங்கை கன்றிப் போகும். ஒரு இருமல், ஒரு புகை, அவ்வளவுதான். பத்தரை, பதினொரு மணிக்குப் பிறகு இழுத்தால் ஒரு மாதிரி வரும். அந்த நேரத்துக்கு நான் வேலைக்குப் போயிருப்பேன்.

பக்கத்துக் காணித் தம்பி ஒருவன் மெசின் வேலை தெரிந்தவன். அவனைக் கூப்பிட்டேன். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஒரு தேக்கரண்டி பெற்றோல் விட்டு, மறுபடி பூட்டி இழுத்தான். நாலு தரம் வெடித்து நின்றது. மறுபடி பெற்றோல் விட்டான். மூன்றாம் முறை நிற்காமல் ஓடியது. "பழைய மெசின் அக்கா, பனிக்கு இப்பிடித்தான்" என்றான். ஒவ்வொரு முறையும் 200 ரூபா கொடுத்தேன்.

பணத்தை விடப் பெரிய பிரச்சினை வேறொன்று. விடியப்புறம் ஐந்தரை மணிக்கு ஓர் இளம்பொடியன் புருசன் இல்லாத வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து போவதை நாலு பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. குழாயடியில் ஒரு கதை, சங்கக் கூட்டத்தில் ஒரு சிரிப்பு. இது எப்படி இருக்கும் என்று இதை வாசிக்கும் பல சகோதரிகளுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு நாள் அம்மா, "பிள்ளை, அந்தப் பொடியனை இனிக் கூப்பிடாதை" என்று மட்டும் சொன்னா. நான் கூப்பிடவில்லை. அவன் மேல் ஒரு பிழையும் இல்லை, பாவம்.

அதன் பிறகு மெசினை ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி ஒரு திருத்துமிடத்துக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்தவர் நாலு முறை இழுத்துப் பார்த்தார். "தங்கச்சி, றிங் போயிட்டுது. செய்யிறதெண்டால் 12,000 முடியும். வேண்டாமெண்டால் நாலாயிரம் தாறன், விட்டிட்டுப் போங்கோ" என்றார். நான் அரை மணித்தியாலம் அந்த வாசலில் நின்றேன். கடனில் மிச்சமிருந்தது ஆறாயிரம் ரூபா. மெசினை விற்றால் மிளகாய் போய்விடும். மிளகாய் போனால் கடனை எதைக்கொண்டு கட்டுவது? இன்னுமொன்றும் மனதில் ஓடியது. அவர் ஒரு நாள் திரும்பி வந்தால் தோட்டம் இருக்கவேண்டும், மெசின் இருக்கவேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று சொல்லி மெசினைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு சமைத்து முடித்த பிறகு விளக்கைக் கொண்டுபோய் மெசினுக்கு எட்டத்தில், ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, அதன் முன்னால் இருந்தேன். என்ன தெரியும், என்ன தெரியாது என்று மகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதினேன். மெசின் ஓட மூன்று விடயம் வேண்டும் என்று ஐயா சொல்லுவார்: எண்ணெய், நெருப்பு, அமுக்கம். மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடித்தால் சரி.

முதலில் அமுக்கம். கயிற்றை வேகமாக இழுக்காமல் சில்லை மெதுவாகக் கையால் சுற்றினேன். ஓர் இடத்தில் இறுகித் தடுத்தது. பிளக்கைக் கழற்றி ஓட்டையைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு மகளைச் சுற்றச் சொன்னேன். காற்று விரலைத் தள்ளியது. றிங் முழுதாகத் தேய்ந்திருந்தால் அப்படித் தள்ளாது. மனதில் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. திருத்துமிடத்துக்காரர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்லமாட்டேன். பழைய மெசின், ஸ்ராட் எடுக்கவில்லை, றிங்தான் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அவர் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

அடுத்தது நெருப்பு. விடியற்காலையில் பார்த்தேன். பிளக் கறுப்பாகக் கரி பிடித்து ஈரமாக இருந்தது. மண் கடுதாசியால் உரஞ்சித் துடைத்தேன். வயரைப் பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதியை மெசின் இரும்பில் முட்டவைத்து, கயிற்றை இழுத்தேன். மங்கலான மஞ்சள் பொறி, அதுவும் விட்டு விட்டு. பிளக் வயரையும் அதன் தொப்பியையும் தொட்டுப் பார்த்தால் பனியில் நனைந்திருந்தன. முதல் நாள் இரவு பனி படக்கூடாதென்று பொலித்தீனால் இறுகக் கட்டி மூடியிருந்தேன். அதுதான் பிழை. நிலத்து ஈரம் பொலித்தீனுக்குள் ஏறி, வெளியே போக வழியில்லாமல் வேர்த்து மெசின் மேலேயே சொட்டியிருந்தது. துணியால் துடைத்து, வயரையும் தொப்பியையும் அடுப்பங்கரைச் சூட்டில் காயவைத்தேன். இப்போது பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தது. சந்தோசத்தோடு பூட்டி இழுத்தேன். வரவில்லை. பதினைந்து முறை இழுத்தும் வரவில்லை.

அமுக்கம் இருக்கிறது. நெருப்பு இருக்கிறது. அப்படியானால் எண்ணெய். ஆனால் சின்னத் தாங்கியில் பெற்றோல் இருக்கிறது, திருகும் பெற்றோல் பக்கம்தான் திருப்பியிருக்கிறது. பிறகு என்ன?

அப்போதுதான் அந்தத் தம்பி செய்தது நினைவுக்கு வந்தது. அவன் பிளக் ஓட்டைக்குள் பெற்றோல் விட்டதும் மெசின் வெடித்தது. அந்தக் கரண்டிப் பெற்றோல் தீர்ந்ததும் நின்றது. அப்படியென்றால் காபரேற்றரிலிருந்து உள்ளே போவது பெற்றோல் இல்லை. காபரேற்றரின் அடிக்கிண்ணத்துக்குக் கீழே ஒரு சின்ன ஆணி இருக்கிறது. அதைத் தளர்த்தி வந்த எண்ணெயைச் சிரட்டையில் பிடித்து முகர்ந்தேன். பெற்றோல் மணம் இல்லை. வழுவழுவென்று விரலில் ஒட்டியது. முழுவதும் மண்ணெண்ணெய்.

சகோதரிகளே, விடயம் இவ்வளவுதான். முதல் நாள் இறைத்து முடித்ததும் நான் மெசினை அப்படியே நிறுத்திவிடுவேன். அது மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அடிக்கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் தங்கிவிடும். அடுத்த நாள் காலையில் நான் திருகைப் பெற்றோலுக்குத் திருப்பினாலும், ஏற்கெனவே நிறைந்திருக்கிற கிண்ணத்துக்குள் பெற்றோல் எப்படி இறங்கும்? நான் முப்பது முறை இழுத்ததும் மண்ணெண்ணெயைத்தான்.

பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை குளிரிலும் தீப்பிடிக்கக்கூடிய ஆவி அதிலிருந்து வரும் என்கிறார்கள். மண்ணெண்ணெய் அப்படியில்லை. குறைந்தது 38 பாகை வரையாவது சூடானால்தான் அதிலிருந்து அந்த அளவு ஆவி எழும்பும். தை மாத விடியற்காலையில் எங்கள் பக்கத்தில் வெப்பநிலை 20 பாகையை ஒட்டி இருக்கும். மெசின் இரும்பும் அதே குளிரில் இருக்கும். பொறி எவ்வளவு நன்றாக வந்தாலும் ஆவி இல்லாத இடத்தில் எதைப் பற்றவைப்பது? மத்தியானத்தில் வெயிலில் நின்ற இரும்பு கையைச் சுடும். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் கொஞ்சம் ஆவியாகும். அதனால்தான் அப்போது ஒரு மாதிரி ஸ்ராட் எடுத்தது.

கிண்ணத்தை வடித்து, ஆணியை இறுக்கி, திருகைத் திறந்து பெற்றோல் இறங்க ஒரு நிமிடம் காத்திருந்தேன். சோக்கைப் போட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மூன்றாவது இழுவையில் மெசின் பிடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தா. நான் வாய்க்காலுக்குப் போகாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அப்படியே நின்றேன். அழுகையும் வந்தது.

அப்போதுதான் ஐயா சொன்ன ஒரு வசனம் ஞாபகம் வந்தது. என் ஐயா எழுபதுகளில் ஒரு முதலாளியிடம் உழவு மெசின் ஓட்டியவர். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் இறுக்கி வைத்திருந்த காலம் அது. எங்கள் பக்கத் தோட்டக்காரர் நிமிர்ந்த காலம் என்று ஐயா சொல்லுவார். அவர் ஓட்டியது சாம்பல் நிறச் சின்னப் பேர்கசன். இங்கிலாந்தின் கொவென்றி நகரத்தில் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்து உலகமெல்லாம் அனுப்பிய உழவு மெசின். அதில் ஒரு வகை பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடும். கியர்த் தடியை 'எஸ்' என்ற எழுத்துப் பக்கம் தள்ளினால்தான் ஸ்ராட்டர் வேலை செய்யும். கியரில் கிடக்கும்போது தவறி ஸ்ராட் ஆகி ஆளை ஏற்றிவிடாமல் இருக்க அப்படிச் செய்திருந்தார்கள். சூடு மிதிக்கிற காலத்தில் ஐயா அதை விடியப்புறப் பனியில் எடுப்பார். நான் சின்னப் பிள்ளை, தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுப்பேன். மற்ற மெசின்காரர் கைபிடி போட்டுச் சுற்றிக் களைத்துக்கொண்டிருக்க, ஐயாவின் மெசின் உடனே எழும்பும்.

"மெசினைப் பட்டினியாய்ப் படுக்கவிடக் கூடாது பிள்ளை. நாளைக் காலமைச் சாப்பாட்டை இரவே அதின்ரை வாயிலை வைச்சுவிட வேணும்" என்பார். நான் அதைப் பகிடி என்று நினைத்திருந்தேன். வேலை முடிய இரண்டு மூன்று நிமிடத்துக்கு முன்னரே எண்ணெய்த் திருகைப் பெற்றோலுக்குத் திருப்பி, கிண்ணத்தில் பெற்றோல் நிறைந்த பிறகு மெசினை நிறுத்தவேண்டும் என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். நாற்பது வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

பெற்றோல் எவ்வளவு அருமை என்பது எங்கள் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. 1990க்குப் பிறகு தடைக் காலத்தில் பெற்றோலைப் போத்தல் மூடியால் அளந்தோம். மோட்டார் சைக்கிளுக்கும் மண்ணெண்ணெய்தான். மூடியில் சிறு குழாய் பொருத்திய சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். சூப்பி என்போம். அதிலிருந்து சில துளியைக் காபரேற்றருக்குள் பீச்சி உதைத்தால் ஸ்ராட் ஆகும். பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு துளியையும் மிச்சம் பிடிக்கிற அந்தப் பழக்கம் எங்களில் ஊறிவிட்டது. நிறுத்தும்போது பெற்றோலில் ஓடவிடுவதை வீண் செலவு என்று கணவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அந்த இரண்டு நிமிடப் பெற்றோலை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் தம்பிக்கு 200 ரூபா வீதம் கொடுத்தேன்.

அன்று மாலையிலிருந்து ஐயாவின் சட்டப்படி நடந்தேன். அடுத்த முறை விடியற்காலை இரண்டாவது இழுவையில் வந்தது. பொலித்தீனை எறிந்துவிட்டு, நாலு தடி நட்டுக் கிடுகால் சின்னக் கொட்டில் போட்டு, மெசின் மேல் உலர்ந்த சாக்கு மட்டும் போட்டேன். அந்தப் போகம் பெரிய இலாபம் என்று சொல்ல மாட்டேன். நான் மெசினோடு மல்லுக்கட்டிய நாட்களில் ஒரு பகுதி பூ கொட்டிவிட்டது. ஆனால் கடனைக் கட்டி முடித்தேன். ஊர்க் கதை உடனே நிற்கவில்லை. விடியப்புறம் என் படலை திறக்காமலே மெசின் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

பிறகு சங்கத்தில் ஏழு பெண்களுக்கு இதைக் காட்டிக் கொடுத்தேன். அவர்களுக்குச் சொன்ன வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

பனிக்காலையில் மெசின் ஐந்தாறு இழுவையில் வராவிட்டால் மேலும் மேலும் இழுக்காதீர்கள். உங்கள் தோள்தான் நோகும். முதலில் காபரேற்றர் கிண்ணத்தை வடித்து முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் என்றால் வடித்துவிட்டுப் பெற்றோல் விடுங்கள். வடித்ததைக் கண்ணாடிப் போத்தலில் விட்டுப் பார்த்தால் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தெளிவாகத் தனியே நிற்கும். பாதித் தாங்கி வெறுமையாகக் கிடந்தால் பனிக்காலத்தில் உள்ளே தண்ணீர் கட்டும். மாதக்கணக்கில் வைத்திருந்த பழைய பெற்றோலும் சரிவராது. இலகுவில் பற்றுகிற பகுதி பறந்து போயிருக்கும்.

எண்ணெய் சரியென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். கறுப்புக் கரி என்றால் சுத்தம் செய்யுங்கள். முனைகளுக்கு இடையில் உள்ள வெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருந்தால் போதும். வங்கி அட்டையின் தடிப்பை விடச் சற்றுக் குறைவு. பிளக் பெற்றோலில் தோய்ந்து வந்தால் சோக்கை அளவுக்கு மிஞ்சிப் போட்டுவிட்டீர்கள். எண்ணெய்த் திருகைப் பூட்டி, பிளக்கை வெளியில் வைத்து, வயரை ஒதுக்கிவிட்டு எட்டுப் பத்து முறை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். பிளக்கை அடுப்புத் தணலில் சற்றுச் சூடாக்கிப் பூட்டுவதும் நல்ல பலன் தரும். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் மெசினோ பெற்றோல் போத்தலோ இருக்கக்கூடாது.

அடுத்து பிளக் வயர், தொப்பி, மக்னற் மூடி ஆகியவற்றைத் துடைத்துக் காயவிட்டுப் பொறியைப் பாருங்கள். அப்போது பிளக்கை அது இருந்த ஓட்டைக்குக் கிட்டப் பிடிக்காதீர்கள். அங்கிருந்து எண்ணெய் ஆவி வெளியே பீச்சும், பற்றிக்கொள்ளும். வயரில் வெடிப்பிருந்தால் ஈரக் காலையில் அதன் வழியே மின்சாரம் ஒழுகிப் போகும். என் மெசினிலும் அடுத்த வருடம் அப்படி ஒரு வெடிப்பைக் கண்டு வயரை மாற்றினேன்.

இவ்வளவும் சரியென்றால்தான் றிங்கைச் சந்தேகிக்கவேண்டும். பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். முன்பை விட நன்றாக இறுகினால் றிங் தேய்ந்திருக்கிறது. அப்போது திருத்துமிடம் போகலாம். மண்ணெண்ணெயில் ஓடும் மெசினில் எரியாத எண்ணெய் கீழே ஒழுகி என்ஜின் ஒயிலோடு கலக்கும். ஒயில் மட்டம் தானாகக் கூடி, மண்ணெண்ணெய் மணத்தால் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் றிங் கெதியில் தேயும்.

பாதுகாப்பையும் சொல்லவேண்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். மெசின் பின்னுக்கு அடித்தால் மணிக்கட்டை முறித்துவிடும். தலைமயிரை முடிந்து, சட்டை, சேலை முனைகளைச் செருகிக்கொள்ளுங்கள். தாங்கியில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க விளக்கையோ நெருப்புக் குச்சியையோ கொண்டு போகாதீர்கள். டோர்ச் லைற் போதும். எல்லாவற்றிலும் முக்கியம் இது: கிணற்றுத் தண்ணீர் 25 அடிக்குக் கீழே போனால் மெசினால் மேலேயிருந்து உறிஞ்ச முடியாது. அதற்காக மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுகிறார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் தேங்கி, இறங்குகிற ஆளை நிமிடங்களில் விழுத்திவிடும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் எங்கள் நாட்டில் நடந்திருக்கின்றன. மிளகாய் காய்ந்தால் காயட்டும், அந்த வேலை வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது. சின்ன மோட்டர் ஒன்றும் பூட்டியிருக்கிறோம். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானபோது இந்த மெசின்களை நம்பியிருந்த பலர் கைவிட்டார்கள். நானும் விற்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதே, அப்போது எங்கள் கன்றுகளைக் காப்பாற்றியது இந்தப் பழைய மெசின்தான். வைத்திருந்த சில லீற்றரை நாள் விட்டு நாள் பாதிப் பாத்திக்கு இறைத்து ஒப்பேற்றினேன். அதனால் விற்கவில்லை.

மகள் இப்போது பெரியவள். போன தை மாதம் மோட்டர் பழுதாகி இரண்டு கிழமை மெசினால் இறைத்தோம். ஒரு நாள் பின்னேரம் நான் வாய்க்காலில் நின்று, "பிள்ளை, நிப்பாட்டு, காணும்" என்று கத்தினேன். மெசின் நிற்கவில்லை. மறுபடி கத்தினேன்.

"பொறுங்கோ அம்மா. இப்பதான் பெற்றோலுக்குத் திருப்பினனான். ரெண்டு நிமிசம் ஓடட்டும்" என்றாள்.

நான் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.